'ஏற்கெனவே கடைதானே' என்றால் போதுமா?

வணிகக் கட்டடம் ஒன்றின் உபயோகத்தை மாற்றக் கேட்கும்போதெல்லாம் விண்ணப்பதாரர் தரப்பிலிருந்து ஒரு வாதம் தவறாமல் வரும்: "இது ஏற்கெனவே வணிக இடம்தானே, புதிதாக என்ன வந்துவிடப் போகிறது?" கேட்க நியாயமாகத்தான் இருக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

துணிக்கடை இரவு ஒன்பதுக்கு ஷட்டரை இறக்கிவிடும். அதே இடத்தில் உணவகம் வந்தால் ஒன்பதுக்குத்தான் கூட்டமே சூடுபிடிக்கும். பின்சுவரில் ஏறும் புகைக்குழாய் மாடிவீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் முடியும். எக்ஸாஸ்ட் ஃபேனின் அதிர்வு சுவர் வழியாகக் கட்டில் வரை வரும். டெலிவரி பைக்குகள் இன்ஜினை அணைக்காமல் வாசலில் நிற்கும். நில உபயோக வரைபடத்தில் மட்டும் இரண்டுக்கும் ஒரே நிறம்.

இங்கிலாந்தில் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். 2020 செப்டம்பரில் கடை, உணவகம், அலுவலகம், ஜிம், கிளினிக் எல்லாவற்றையும் 'வகுப்பு ஈ' என்ற ஒரே பைக்குள் போட்டார்கள். அதற்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறப் பொதுவாகத் திட்ட அனுமதியே, அதாவது கட்டடத்தை இன்னதற்குப் பயன்படுத்தலாம் என்று உள்ளாட்சி தரும் அனுமதியே, வேண்டாம். காலியாகக் கிடக்கும் கடைவீதிகளுக்கு உயிர் வர வேண்டும் என்ற நோக்கம் எனக்குப் புரிகிறது. பூட்டிக் கிடக்கும் கட்டடம் யாருக்கும் நல்லதில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் கேள்வி கேட்க இருந்த ஒரு வாய்ப்பும் அதோடு போயிற்று.

அலுவலகங்களை வீடாக்கிய கதை இன்னும் மோசம். 2013 முதல் அங்கே அதற்கு முழு அனுமதி தேவைப்படவில்லை. என்ன ஆயிற்று? அரசே கேட்டு வாங்கிய ஆய்வு 2020இல் வெளிவந்தது. இந்தக் குறுக்குவழியில் உருவான வீடுகளில் 22.1 சதவீதம்தான், ஒரு வீட்டுக்குக் குறைந்தது இவ்வளவு பரப்பு வேண்டும் என்று சொல்லும் தேசிய இட அளவை எட்டின. முறையாக அனுமதி வாங்கியவற்றில் அது 73.4 சதவீதம். அதே 2020இல்தான் இப்படி மாற்றும் வீடுகளின் அறைகளுக்கு இயற்கை வெளிச்சம் கட்டாயம் என்று விதி போட்டார்கள். மனிதர் குடியிருக்கும் அறைக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்கு ஏழு வருடம்!

சரி, எதிர்ப்பவர்கள் பக்கம் வருவோம். "இது எங்கள் பகுதியின் அமைதியைக் கெடுக்கும்" என்று ஒரே வாசகத்தை நகலெடுத்து ஐம்பது பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் மனுவை அதிகாரி ஒரே ஆட்சேபனையாகத்தான் படிப்பார். 'போட்டிக் கடை வந்தால் என் வியாபாரம் போகும்' என்பது பொதுவாகத் திட்ட அனுமதியில் எடுபடுகிற காரணமே இல்லை. எடுபடுவது வேறு: லாரி எத்தனை மணிக்கு வரும், எங்கே நின்று சரக்கு இறக்கும், குப்பைத் தொட்டி எந்தப் பக்கம், புகைக்குழாய் கூரைக்கு மேல் எவ்வளவு உயரம் போகும். இவற்றை எழுதிக் கேட்டால் பதிலும் எழுத்தில்தான் வர வேண்டும். அந்தப் பதில்களை அனுமதியோடு நிபந்தனைகளாகக் கோர்த்துவிடலாம்.

இதைச் சொன்னால் "அவர் நல்ல மனிதர், பார்த்து நடந்துகொள்வார்" என்பார்கள். இருக்கட்டும். ஆனால் திட்ட அனுமதி பெரும்பாலும் ஆளுக்கு இல்லை, நிலத்துக்கு. நாளைக்கு அவர் கட்டடத்தை விற்றுவிட்டால், வாங்குகிறவருக்கு அனுமதியும் சேர்ந்தே போகும். இரவு பத்துக்கு மூட வேண்டும் என்ற நிபந்தனை அதில் எழுதியிருந்தால் புதியவரையும் அது கட்டும். வாய்வார்த்தை கட்டாது.