ஸ்டோன் கோல்டை உருவாக்கியது யார்?

ரெஸ்லிங் பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "எல்லாரையும் தூக்கிவிட்டது வின்ஸ் மெக்மஹன்தான். அவர் இல்லன்னா ஸ்டோன் கோல்ட் எல்லாம் யாரு?" ட்ரம்ப் கார்டு வைத்து விளையாடிய வயதிலிருந்து இந்த வாதத்தைக் கேட்டுவருகிறேன். வின்ஸ், இன்று டபிள்யூ.டபிள்யூ.இ. என்கிற ரெஸ்லிங் கம்பெனியின் முதலாளியாக இருந்தவர். ஸ்டோன் கோல்ட் என்பது அங்கே நட்சத்திரமான ஸ்டீவ் ஆஸ்டின். இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. முதலாளி நினைத்தால் யாரையும் நட்சத்திரம் ஆக்கிவிடலாம் என்பது உண்மையானால், லெக்ஸ் லூகர்தான் இன்று எல்லோருக்கும் தெரிந்த பெயராக இருந்திருக்க வேண்டும்.

1993-ல் கம்பெனியின் பெரிய நட்சத்திரமான ஹல்க் ஹோகன் போனபிறகு அந்த இடத்துக்கு வின்ஸ் கொண்டுவந்த ஆள் லூகர். ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம். நியூயார்க்கில் நிற்கும் இன்ட்ரெபிட் போர்க்கப்பலின் மேல்தளத்தில் மலை மாதிரி இருந்த யோகோசூனாவை லூகர் தூக்கிப் போட்டார். அதோடு விடவில்லை, அமெரிக்கக் கொடி நிறத்தில் ஒரு பஸ்ஸில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார்கள். இதைவிட ஒருவருக்கு எப்படி புஷ் கொடுப்பது? ஆனாலும் கூட்டத்தின் மனசு பிரெட் ஹார்ட் என்ற இன்னொரு ரெஸ்லர் பக்கம் போய்விட்டது. அடுத்த வருடம், கம்பெனியின் வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் சாம்பியன் பெல்ட்டும் பிரெட்டின் இடுப்புக்கே போனது.

இப்போது ஆஸ்டினைப் பாருங்கள். 1995-ல் கையில் அடிபட்டு வீட்டில் இருந்தபோது, வின்ஸின் போட்டிக் கம்பெனியான டபிள்யூ.சி.டபிள்யூ. அவரை வேலையை விட்டு எடுத்தது. வின்ஸிடம் வந்தார். அங்கே கொடுத்த பெயர் 'ரிங்மாஸ்டர்'. யாருக்கும் ஒட்டவில்லை. ஈரமில்லாத, கொடூரமான ஒரு ஆளாக நடிக்கிறேன் என்று இவரே போய்க் கேட்டார். அதற்குக் கம்பெனி எழுதி அனுப்பிய பெயர்களில் ஒன்று 'ஃபேங் மெக்ஃப்ராஸ்ட்'. நொந்துபோய் உட்கார்ந்திருந்தவரிடம் அப்போதைய மனைவி, டீ 'ஸ்டோன் கோல்ட்' ஆவதற்குள், அதாவது கல்லாய் ஆறிப்போவதற்குள், குடி என்றாராம். கோடிக்கணக்கில் டி-ஷர்ட் விற்ற பெயர் பிறந்தது அப்படித்தான்.

ரெஸ்லிங்கில் யார் ஜெயிப்பது என்பது முன்பே எழுதிவைப்பது. 1996 ஜூனில் நடந்த கிங் ஆஃப் த ரிங் போட்டியின் வெற்றியும் முதலில் ட்ரிபிள் எச் என்ற ரெஸ்லருக்குப் போட்டுவைத்தது. அதற்கு முந்தைய மாதம் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், ரிங்குக்குள் எதிரிகளாக இருக்க வேண்டிய நண்பர்கள் நான்கு பேர் எல்லார் முன்னாலும் கட்டிப்பிடித்து விடைபெற்றார்கள். அதற்கான தண்டனை அவர்களில் ஒருவரான ட்ரிபிள் எச் தலையில் விழ, வாய்ப்பு ஆஸ்டினுக்கு வந்தது. போட்டி நாளன்று தன் முதல் ஆட்டத்தில் உதடு கிழிந்து, ஆஸ்பத்திரிக்கு ஓடித் தையல் போட்டுக்கொண்டு திரும்பிவந்து, ஜேக் ராபர்ட்ஸை வென்று, மைக்கைப் பிடித்து 'ஆஸ்டின் 3:16' என்றார். ஜேக் பைபிளின் யோவான் 3:16 வசனத்தை வைத்துப் பேசியிருந்தார், அதற்கு அந்த நேரத்தில் வந்த பதிலடி அது. சில மாதங்களில் அரங்கம் முழுக்க அந்த அட்டைகள்தான்.

அப்படியானால் வின்ஸ் ஒன்றுமே செய்யவில்லையா? செய்தார். நான் அவரை மெச்சுவது இந்த ஒரு இடத்தில்தான். கூட்டம் யார் பக்கம் சாய்கிறது என்று பார்த்துத் தன் திட்டத்தை மாற்றிக்கொண்டார். பிறகு தானே வில்லனாக இறங்கினார். ஊரில் பாதிப்பேருக்குத் தன் மேலதிகாரியை அறைய வேண்டும் என்று இருக்கும். அந்த அறையை வாங்கக் கம்பெனியின் முதலாளியே வந்து நின்றார். 1998 ஏப்ரல் 13 அன்று ஆஸ்டினும் வின்ஸும் மோதப்போகிறார்கள் என்றதும், வருடக்கணக்கில் திங்கட்கிழமை இரவுகளில் டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்குப் பின்னால் இருந்த வின்ஸின் டிவி நிகழ்ச்சி 'ரா', அன்று டிஆர்பியில் முந்தியது. 2001-ல் வின்ஸ் டபிள்யூ.சி.டபிள்யூ.வையே வாங்கிவிட்டார். ஆஸ்டின் அடித்தார், வின்ஸ் அடிவாங்கினார். இந்த இரண்டில் எது குறைந்தாலும் அது நடந்திருக்காது.

இந்தக் கதையில் எல்லோரும் மறந்துவிடுகிற ஆள் பிரெட் ஹார்ட். 1997 ரெஸில்மேனியாவில் அவருடைய ஷார்ப்ஷூட்டர் பிடியில் ஆஸ்டின் முகமெல்லாம் ரத்தமாகக் கத்திய காட்சி நினைவிருக்கிறதா? விட்டுக்கொடுக்காமலேயே மயங்கிப்போனார். வென்றது பிரெட், ஆனால் கைதட்டல் ஆஸ்டினுக்கு. தன் நல்ல பெயரைக் கொடுத்து இன்னொருவனை நாயகனாக்கிய பிரெட்டை, அதே வருடம் நவம்பரில் மான்ட்ரியலில் என்ன செய்தார்கள் என்று தெரியும்தானே. அவர் தோற்கச் சம்மதிக்காமலே, தோற்றதாக மணியை அடிக்கச் சொன்னவர் வின்ஸ்.

எனக்கு ஆறாத கோபம் பங்கு பிரித்ததில்தான். 1999-ல் கம்பெனி பங்குச்சந்தைக்குப் போனது, வின்ஸ் பெரும் பணக்காரர் ஆனார். ரிங்கில் விழுந்து எழுந்தவர்கள் ஊழியர்கள்கூட இல்லை, வெறும் ஒப்பந்தக்காரர்கள். 1986-லேயே ஜெஸ்ஸி வென்ச்சுரா என்ற ரெஸ்லர் தொழிற்சங்கம் வைக்கலாம் என்று உடைமாற்றும் அறையில் பேசிப்பார்த்தார். நடக்கவில்லை.

ஆஸ்டின் 1997 ஆகஸ்டில் ஓவன் ஹார்ட்டின் பைல்டிரைவரில், அதாவது தலைகீழாகப் பிடித்துத் தரையில் இறக்கும் அடியில், கழுத்து அடிபட்டு, கொஞ்ச நேரம் கைகால் அசைக்க முடியாமல் கிடந்தவர். அவர் பெரிய நட்சத்திரமாக இருந்ததெல்லாம் அந்தக் கழுத்தோடுதான். 2003 மார்ச் 30, சியாட்டில். முந்தின இரவு ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்து, ராக்கிடம், அவருடைய பிரபலமான அடியான ராக் பாட்டத்தை மூன்று தடவை வாங்கித் தோற்றார். அப்போது அவருக்கு வயது 38. அதற்குப் பிறகு 2022 வரை, பத்தொன்பது வருடம், அவர் ஆட்டமே ஆடப்போவதில்லை என்று பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்குத் தெரியாது.