மெஷினுக்குக் காசு இருக்காம், அதப் பாத்துக்கற ஆளுக்கு இல்லையாம்

இன்னைக்கு இதக் கொட்டித் தீத்துடணும், இல்லன்னா தூக்கம் வராது. நான் ஒரு ஆஸ்பத்திரி ஃபார்மசில வேலை பாக்கறவன். படிச்சது மருந்தப் பத்தி. ஆனா கொஞ்ச வருஷமா எங்க டிபார்ட்மெண்ட்ல லேபிள் பிரிண்டர், ஸ்கேனர், வார்டுல மருந்து எடுத்துக் குடுக்கற ஆட்டோமேட்டிக் கேபினெட், நரம்பு வழியா மருந்த அளவா ஏத்தற இன்ஃப்யூஷன் பம்ப்னு எது மக்கர் பண்ணாலும் போன் எனக்குத்தான் வருது. ஏன்னா எப்பவோ பிரிண்டர்ல சிக்கின பேப்பர உருவி எடுத்துட்டேன், "அவருக்கு சிஸ்டம் எல்லாம் தெரியும்"னு பேரு வந்துருச்சு, முடிஞ்சுது கதை. ட்யூட்டி சார்ட்ல அந்த வேலை இல்ல, சம்பளத்துலயும் இல்ல.

மெஷின் வாங்கறது ஒரு தடவ செலவு. டெண்டர் விடலாம், திறப்பு விழா வைக்கலாம், போட்டோ எடுத்துக்கலாம். ஆள் எடுத்தா வருஷா வருஷம் சம்பளம், அதுக்கு வேற கணக்குத் தலைப்பு, வேற கையெழுத்து. அதனால மெஷின் ஒரே மீட்டிங்ல பாஸ் ஆயிடும், ஆள் கேட்டா "அடுத்த வருஷம் பாக்கலாம்". அதுல பெரிய கொடுமை என்னன்னா, அந்த மெஷின வாங்க எழுதற ஃபைல்லயே "இது வந்தா ஆள் தேவை குறையும்"னு ஒரு வரி எழுதி வெச்சிடுவாங்க, அப்பதான் பாஸ் ஆகும். மெஷின் வந்து இறங்கறதுக்கு முன்னாடியே காலியா இருந்த போஸ்ட்ட முடக்கிடுவாங்க. அப்புறம் அந்த மெஷினே புதுசா பத்து வேலைய உண்டாக்கும் பாருங்க, அத எந்த ஃபைல்லயும் யாரும் எழுதல.

என்ன பெரிய வேலைன்னு கேக்கறவங்களுக்கு மருந்து மாஸ்டர், அதாவது எல்லா மருந்தோட விவரமும் சிஸ்டத்துல இருக்கற பட்டியல், அது ஒண்ண மட்டும் சொல்றேன். ஒரு ஊசி மருந்துக்குத் தட்டுப்பாடு வருது, வேற கம்பெனி சரக்கு வருது. அதே மருந்து, ஆனா பெட்டி வேற, பார்கோடு வேற, சில சமயம் ஒரு மில்லில எத்தன மில்லிகிராம்ங்கறதே வேற. அத சிஸ்டத்துல ஏத்தணும். பேரு, ஸ்ட்ரெங்த், யூனிட், எந்த கேபினெட்ல எந்த டிராயர், எல்லாம். ஒரு இடத்துல மில்லிக்கும் மில்லிகிராமுக்கும் குழப்பிட்டா அது ஒரு நோயாளியோட நிக்காது, எல்லா வார்டுக்கும் பரவும். அதனால ஒருத்தர் ஏத்தினா இன்னொருத்தர் சரி பாக்கணும், இதுதான் முறை. அந்த இன்னொருத்தர் எங்க? போஸ்ட் முடக்கியாச்சே. கவுன்டர்ல நிக்கறவரக் கூப்பிட்டு, அவரு கியூல நிக்கற ஜனத்த விட்டுட்டு ஓடி வந்து ஸ்கிரீன எட்டிப் பாத்துட்டு "ஓகே சார்"னு சொல்லிட்டுப் போறாரு. இதுக்குப் பேரு ரெண்டாவது சரிபார்ப்பாம்.

இது லேட்டாச்சுன்னா ராத்திரி வார்டுல மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி சிஸ்டர் அதோட பார்கோட ஸ்கேன் பண்றாங்க, "இந்தப் பொருள் இல்லை"ன்னு வருது. மருந்து கைல இருக்கு, நோயாளி முன்னாடி படுத்திருக்காரு, டாக்டர் எழுதியிருக்காரு. அவங்க என்ன செய்வாங்க, விடியற வரைக்கும் காத்திருப்பாங்களா? ஸ்கேன் பண்ணாமத் தாண்டிப் போட்டுட்டுப் போறாங்க. மாசக் கடைசில, எந்த வார்டு ஒழுங்கா ஸ்கேன் பண்ணுதுன்னு காட்டற டாஷ்போர்டுல அந்த வார்டு செவப்பா நிக்கும். உடனே மீட்டிங், சிஸ்டருக்கு மெமோ, "பயிற்சி போதல". அடப்பாவிகளா!

பார்கோடு வேஸ்ட்டுன்னு நான் சொல்லல. 2010ல பாஸ்டன் ஆஸ்பத்திரி ஒண்ணுல பண்ணின ஆய்வுல, நேரம் தவறினத விட்டுட்டு மத்த மருந்து குடுக்கற தப்பு மட்டும் பாத்தா பார்கோடு இல்லாத இடத்துல 11.5 சதவீதம், இருந்த இடத்துல 6.8. சும்மா இல்ல அது. ஆனா 2008லயே இன்னொரு ஆய்வு வந்துச்சு, நர்ஸுங்க இந்த ஸ்கேனிங்க எப்படி எல்லாம் சுத்திக்கிட்டுப் போறாங்கன்னு 15 வழி கண்டுபிடிச்சு, அதுக்கு 31 காரணமும் எழுதினாங்க. படிக்காத பார்கோடு, பேட்டரி தீந்த ஸ்கேனர், வயர்லெஸ் விட்டு விட்டு வர்றதுன்னு போகுது அந்தப் பட்டியல். அதுல நிறைய, தினமும் யாராவது கைய வெச்சுப் பாத்துக்கிட்டா தீர்ற விஷயம். முதல் ஆய்வ மெஷின் விக்கறவங்க ஸ்லைடுல காட்டுவாங்க, ரெண்டாவத யாரும் காட்ட மாட்டாங்க.

பம்ப் கதை இன்னும் அழகு. எவ்வளவு வேகத்துக்கு மேல போனா கத்தணும்னு ஒரு மருந்து லைப்ரரி அதுக்குள்ள இருக்கும். நாம வரம்ப மாத்தி வயர்லெஸ்ல அனுப்பினா ஆன்ல இருக்கற பம்ப்தான் வாங்கிக்கும், ஸ்டோர்ல மூலைல அணைஞ்சு கிடக்கறது பழைய வரம்போடயே இருக்கும். அதத் தேடிப் புடிச்சு ஆன் பண்ண ஒரு ஆள் வார்டு வார்டா நடக்கணும். அந்த நடைக்கு எந்த பட்ஜெட்லயும் இடம் இல்ல.

எச்சரிக்கை மணிகளும் அப்படித்தான். டாக்டருங்க கம்ப்யூட்டர்ல மருந்து எழுதறப்ப ஸ்கிரீன்ல வர்ற எச்சரிக்கைல 49ல இருந்து 96 சதவீதம் வரைக்கும் தட்டி விட்டுட்டுப் போறாங்கன்னு 2006லயே ஆய்வெல்லாம் தொகுத்துச் சொல்லிட்டாங்க. தேவையில்லாதத எடுத்து விட டாக்டர், ஃபார்மசிஸ்ட், ஐடி ஆளு மூணு பேரும் உக்காந்து ஒண்ணொண்ணா பாக்கணும். காசே வேணாம், நேரம் போதும். அதுதான் எங்ககிட்ட இல்லாத பொருள்.

ஐடி பசங்களத் திட்டறேன்னு நெனைக்காதீங்க, அவங்க நெலம எங்கள விட மோசம். லேப், எக்ஸ்ரே, பில்லிங், நெட்வொர்க் எல்லாத்துக்கும் சேத்து ஒரு கை விரல்ல எண்ணற ஆளுங்க. நல்லா கத்துக்கிட்டதும் வெளி கம்பெனில கூடக் குடுக்கறான், போயிடறாங்க, போகட்டும், யாரு தப்பு சொல்லுவா. ஆனா அவங்களோட சேந்து விவரமும் போயிடுது. எங்க சர்வர் ரூம்ல ஒரு பொட்டில "ஆஃப் பண்ணாதீங்க"ன்னு பேப்பர் ஒட்டியிருக்கு, ஏன் பண்ணக்கூடாதுன்னு தெரிஞ்ச ஆளு வேலைய விட்டுப் போயிட்டாரு. டாக்டர் எழுதின ஆர்டர் கேபினெட்டுக்குப் போகலன்னு கம்பெனிக்கு டிக்கெட், அதாவது புகார், போட்டா கேபினெட்காரன் ரெண்டு சிஸ்டத்தையும் இணைக்கற இன்டர்ஃபேஸ்காரனக் கை காட்டுவான், அவன் மெயின் சாஃப்ட்வேர்காரனக் காட்டுவான், அவன் உங்க நெட்வொர்க்னு சொல்லி டிக்கெட்ட மூடிருவான்.

பழைய விண்டோஸ் ஏன் இன்னும் ஓடுதுன்னு ஆடிட்ல கேக்கறாங்க. அந்த மெஷினோட சாஃப்ட்வேர் அதுல மட்டும்தான் ஓடும், புதுசுக்கு மாத்தணும்னா கம்பெனி தனியாக் காசு கேக்கும், நீங்கதான தர மாட்டேன்னீங்க? 2017 மே 12ஆம் தேதி கம்ப்யூட்டரப் பூட்டிட்டுக் காசு கேக்கற வான்னாக்ரை வைரஸ் வந்தப்ப இங்கிலாந்துல அரசு ஆஸ்பத்திரிகள நடத்தற 236 என்எச்எஸ் டிரஸ்ட்ல குறைஞ்சது 81க்கு பாதிப்பு. அது நுழைஞ்ச ஓட்டைய அடைக்கற பேட்ச், மைக்ரோசாஃப்ட் கைவிடாத விண்டோஸுக்கெல்லாம், மார்ச்லயே வந்தாச்சு. வந்து என்ன, போடறதுக்கு ஆளும் நேரமும் வேணும், போட்டப்புறம் எதாவது படுத்துச்சான்னு சோதிக்கணும்.

2024 ஜூலை 19ல கிரவுட்ஸ்ட்ரைக்ங்கற கம்ப்யூட்டர் பாதுகாப்பு கம்பெனியோட அப்டேட் ஒண்ணு தப்பாப் போயி கிட்டத்தட்ட 85 லட்சம் விண்டோஸ் மெஷின் விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா? ஆஸ்பத்திரிங்க ஆபரேஷன தள்ளி வெச்சாங்க, இங்கிலாந்துல டாக்டர் சீட்டு ஃபார்மசிக்குப் போறதே தடுமாறிச்சு. நிறைய மெஷினுக்கு என்ன வைத்தியம்? ஒருத்தர் போயி முன்னாடி நின்னு சேஃப் மோடுல போட்டு தப்பா வந்த அந்த அப்டேட் ஃபைல அழிக்கணும். எவ்வளவு காசு கொட்டின டெக்னாலஜியா இருந்தாலும் கடைசில நடந்து போக ஒரு ஆளு.

அப்படி சிஸ்டம் படுத்தா எல்லாம் பேப்பருக்கு வந்துரும். பேப்பர்ல எழுதினத எல்லாம் சிஸ்டம் எந்திரிச்சப்புறம் திரும்ப ஏத்தணும், அன்னைக்கு வேலையோட சேத்து. ஓவர்டைம் கேட்டா "ஆட்டோமேஷன் வந்தப்புறம் ஓவர்டைம் ஏன்?"

காசு தட்டுப்பாடு நெஜந்தான், ஒத்துக்கறேன், மேனேஜ்மெண்ட் பெட்டியப் பூட்டி வெச்சிருக்குன்னு நான் சொல்லல. அப்படின்னா நாலு கேபினெட்டுக்குப் பதிலா மூணு வாங்குங்க, மிச்சத்துல ஒரு ஆளப் போடுங்க. ஃபைல்ல விலைக்குப் பக்கத்துல ரெண்டு கட்டம் போடுங்க, வருஷச் செலவு எவ்வளவு, தினமும் பாத்துக்கப் போறது யாருன்னு. ரெண்டாவது கட்டம் காலியா இருந்தா கையெழுத்துப் போடாதீங்க.

போடுவாங்க, தெரியும். அடுத்த மீட்டிங்ல ஏஐ பத்தி ப்ரெசன்டேஷனாம், மருந்துச் சீட்ட அதுவே சரி பாத்துருமாம், ஃபார்மசில ஆள் தேவை இன்னும் குறையுமாம். மருந்து மாஸ்டர்ல தப்பா இருந்தா அது எதப் பாத்து சரி பாக்கும்? கடைசி ஸ்லைடு முடிஞ்சு "கேள்வி உண்டா"ன்னு கேப்பாங்கல்ல, அந்த மாஸ்டர யாரு ஏத்தறது, யாரு சரி பாக்கறது, ரெண்டு பேரு பேரச் சொல்லுங்கன்னு கேக்கப் போறேன். என்னக் கை காட்டினா அங்கயே எந்திரிச்சு, அப்ப கவுன்டருக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க சார்னு சொல்லிட்டு வந்துருவேன்.