காகித ரூபாய் நோட்டு செல்லாது என்பது பொய்

‘பிளாஸ்டிக் நோட்டு வருகிறது, பழைய காகித நோட்டுகளை இம்மாதத்துக்குள் மாற்றாவிட்டால் செல்லாது’ என்ற குரல் பதிவு சேலத்திலும் ஏற்காட்டிலும் கைபேசிகளில் பரவுகிறது. இதில் துளியும் உண்மையில்லை. லீ பஜாரில் சுருக்குப்பையிலிருந்து கசங்கிய நூறு ரூபாயை எடுத்து நீட்டிய ஒரு பாட்டியிடம் கடைக்காரர் அதை வாங்க மறுத்ததை நேரில் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

1934-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம், 26-ஆவது பிரிவின்படி, அவ்வங்கியின் மத்திய வாரியம் பரிந்துரைத்து, மத்திய அரசு அரசிதழில் அறிவித்தால் மட்டுமே ஒரு நோட்டின் செல்லுபடித்தன்மை நீங்கும். குரல் பதிவுக்கு அந்த அதிகாரம் கிடையாது. பாலிமர் எனப்படும் பிளாஸ்டிக் நோட்டுப் பேச்சு முற்றிலும் கற்பனையன்று: கொச்சி, மைசூரு, ஜெய்ப்பூர், சிம்லா, புவனேஸ்வர் ஆகிய ஐந்து நகரங்களில் பத்து ரூபாய் பாலிமர் நோட்டைச் சோதனையாக வெளியிடும் திட்டம் 2014-இல் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அந்தப் பட்டியலில் சேலம் இல்லை. காகித நோட்டு செல்லாது என்ற பேச்சும் அதில் இல்லை. பாலிமர் நோட்டுக்கு மாறிய பிரிட்டனில் 20, 50 பவுண்டு காகித நோட்டுகள் 2022 செப்டம்பர் 30-க்குப் பின் கடைகளில் செல்லாமல் போயின. அங்கும்கூட அவற்றை இங்கிலாந்து வங்கியில் இன்றும் மாற்றலாம்.

நம் நோட்டு பருத்தி இழையால் ஆனது; கசங்கும், அழுக்காகும், ஆனால் மதிப்பு குறையாது. கிழிந்ததையும் வங்கிக் கிளைகளில் கட்டணமின்றி விதிப்படி மாற்றலாம். ஆகவே, தோட்டக் கூலியாகப் பெற்ற நூறு ரூபாயைத் தொண்ணூறுக்கு மாற்றித் தருவதாகச் சொல்லும் எவரிடமும் தயவுசெய்து கொடுக்காதீர்கள்.