துடைப்பம் அவளை மட்டும் தூக்கவில்லை

'தியா ஃப்ரேரே' என்று சொன்னால் துடைப்பம் மேலே எழும்ப வேண்டும். வகுப்பில் எல்லோருக்கும் எழும்புகிறது. அக்கோவுக்கு மட்டும் அசைவதே இல்லை. மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறாள், கத்திச் சொல்லிப் பார்க்கிறாள், துடைப்பத்தைக் கால்களுக்கிடையே இறுக்கிக்கொண்டு குதித்துப் பார்க்கிறாள். குதித்த உயரத்துக்கு மேல் ஒரு விரற்கடை கூட ஏறுவதில்லை. முதல் பகுதியில் தொடங்கும் இந்தத் தோல்வி இருபத்தைந்து பகுதிகள் நீள்கிறது. ஒரு கதாநாயகியை இவ்வளவு காலம் தரையிலேயே நிறுத்திவைக்க ஓர் இயக்குநருக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

'லிட்டில் விட்ச் அகாடெமியா' என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பற்றித்தான் எழுதுகிறேன். 2017 ஜனவரியில் தொடங்கி ஜூனில் முடிந்த தொடர். யோ யோஷினாரி இயக்கம், டிரிக்கர் ஸ்டூடியோ தயாரிப்பு. இரண்டாம் முறை பார்த்து முடித்து மூன்று நாட்களாகிவிட்டன, மனம் அதிலிருந்து வெளியே வரவில்லை. முடிவு வரை பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள், இந்தப் பதிவு எங்கும் போய்விடாது.

அட்சுகோ ககாரி என்பது அக்கோவின் முழுப்பெயர். மந்திரத்துக்கும் அவள் குடும்பத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. சிறுமியாக இருந்தபோது ஷைனி சாரியட் என்ற மாயக்காரியின் மேடை நிகழ்ச்சியைப் பார்த்திருக்கிறாள். அந்த ஒரு நாளின் மயக்கத்தில் வளர்ந்து, லூனா நோவா என்ற பழம்பெரும் மந்திரப் பள்ளியில் சேருகிறாள். அங்கே போன பிறகுதான் தெரிகிறது, மந்திரக் கலையை மதிக்கும் எவரும் சாரியட்டை மதிப்பதில்லை என்பது. வேடிக்கை காட்டிக் கைதட்டல் வாங்கியவள், கலையை மலினப்படுத்தியவள் என்பதுதான் அங்கே அவளுக்கு இருக்கும் பெயர். ஆக, அக்கோ இரண்டு மடங்கு கீழே நிற்கிறாள். அவளுக்குத் திறமையும் இல்லை, அவள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் ஆளுக்கு மரியாதையும் இல்லை.

மந்திரப் பள்ளிக் கதைகள் எனக்குப் புதிதல்ல. அவற்றில் பலவும் ஓரிடத்தில் என்னை ஏமாற்றியிருக்கின்றன. கடைசி வரிசைப் பிள்ளை என்று அறிமுகமாகும் சிறுவன், பாதிக் கதைக்கு மேல் யாரோ மாபெரும் மந்திரவாதியின் வாரிசாகிவிடுவான். அல்லது உலகில் வேறு எவருக்கும் இல்லாத ஒரு சக்தி அவனுக்குள் உறங்கிக்கொண்டிருக்கும். அந்த நொடியில் அதுவரை அவனோடு உட்கார்ந்திருந்த நான் தனியாகிவிடுவேன். அவன் என் வரிசைக்காரனே அல்ல, தற்செயலாக இங்கே உட்கார்ந்து போனவன். உண்மையிலேயே கடைசி வரிசையைச் சேர்ந்த பிள்ளைக்கு அந்தக் கதையில் சொல்ல எதுவுமில்லை.

நான் அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். பள்ளியின் சேர்ந்திசைக் குழுவில் இடம்பெற வேண்டும் என்று எனக்கு அப்படியொரு ஆசை. குரல் சேராது. பாடல் சொல்லிக்கொடுத்தவர் ஒருநாள் எல்லார் முன்னிலையிலும், "நீ பாட வேண்டாம், வாயை மட்டும் அசை" என்றார். ஆண்டு விழாவில் அப்படியே செய்தேன். பாட்டு முழுவதும் எனக்கு மனப்பாடம், சத்தம் மட்டும் வெளியே வரவில்லை. பாட்டின் மீதிருந்த ஆசை அன்றைக்குச் செத்துப்போயிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். சாகவில்லை. திறமை இல்லை என்று தெரிந்ததும் ஆசையும் மரியாதையாக விலகிக்கொள்ள வேண்டும் என்று உலகம் எதிர்பார்க்கிறது. ஆசை அப்படி நடந்துகொள்வதில்லை. அக்கோவின் துடைப்பம் எழும்பாத ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த மேடைதான் நினைவுக்கு வந்தது.

இந்தத் தொடர் அவளுக்கு ஒளிந்திருக்கும் வாரிசுரிமை எதையும் தரவில்லை. அதைவிடக் கடுமையான ஒன்றைச் செய்கிறது.

அவளால் ஏன் முடியவில்லை என்பதற்குக் காரணம் இறுதிப் பகுதிகளில் வெளிவருகிறது. சாரியட்டின் அந்த மேடை நிகழ்ச்சியே காரணம். சாரியட்டின் தோழி குரோவா கொடுத்த ஒரு மந்திர உத்தி, பார்வையாளர்களின் பரவசத்திலிருந்து சக்தியை எடுத்துக்கொள்ளும். அப்படி எடுக்கும்போது, பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்குள் இருந்த மந்திர ஆற்றலும் சேர்ந்தே உறிஞ்சப்பட்டிருக்கிறது. அரங்கில் வாய்பிளந்து உட்கார்ந்திருந்த அக்கோ தன் கனவைப் பெற்றதும், அதை அடையும் வழியை இழந்ததும் ஒரே மாலையில். சாரியட்டுக்கு இது தொடக்கத்தில் தெரியாது, தெரிந்தபோது அவள் உடைந்துபோகிறாள். ஆனால், தெரியாமல் செய்தது என்பதால் பறிபோனது திரும்பிவிடுமா?

இதைப் பார்த்துவிட்டு இரவு வெகுநேரம் விழித்துக் கிடந்தேன். நம்மை ஈர்த்த ஒன்றே நம்மை முடக்கியும் இருக்கலாம் என்று சிறுவர்களுக்கான ஒரு கதை சொல்லத் துணிந்திருக்கிறது. போதாததற்கு, இத்தனை நாட்களாக அக்கோவைப் பரிவோடு வழிநடத்திய ஆசிரியை உர்சுலாதான் அந்தச் சாரியட். பெயரை மாற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, அதே பள்ளியில் ஒதுங்கி வாழ்கிறாள்.

கதை வேறெங்கும் போகாமல் அடுத்து டயானாவிடம் போகிறது. இந்தத் தொடரின் ஆகச் சிறந்த தீர்மானம் அதுதான் என்பேன். டயானா கேவண்டிஷ் வகுப்பின் முதல் மாணவி, பழைய மாயக்காரிக் குடும்பத்தின் வாரிசு. வழக்கமான கதையில் அவள் கர்வக்காரியாகவும் சூழ்ச்சிக்காரியாகவும் இருந்து கடைசியில் மண்ணைக் கவ்வ வேண்டும். இங்கே அவள் உண்மையிலேயே உழைப்பவள், நேர்மையானவள். குளிரில் திக்குத் தெரியாமல் அலைந்துகொண்டிருக்கும் அக்கோவிடம் அவள் தன் கதையைச் சொல்கிறாள். அதே சாரியட்டின் நிகழ்ச்சியைச் சிறுமியாக அவளும் பார்த்திருக்கிறாள். அவளுடைய ஆற்றலும் அன்று போயிருக்கிறது. ஒவ்வொரு அடியாக உழைத்து மீட்டிருக்கிறாள். எல்லோரும் பிறவித் திறமை என்று எண்ணிக்கொண்டிருந்தது, ஒரு குழந்தை யாருக்கும் தெரியாமல் அழுது, படித்துத் திரும்பக் கட்டியது. முதல் வரிசையும் கடைசி வரிசையும் ஒரே அரங்கிலிருந்து வந்தவை என்று தெரியும்போது அக்கோ மட்டுமா அழுதாள்?

சாம்ஹேன் திருவிழா வரும் பகுதியையும் நான் விடுவதாக இல்லை. வஜரோவா என்ற ஆவி காலங்காலமாகத் துயரத்தில் கிடக்கிறது. திருவிழாவில் அந்த ஆவிக்குப் பலியாகும் வேடம் ஒன்று உண்டு. மதிப்பெண் மோசமாக இருப்பதால் அதைத் தண்டனைபோல அக்கோவின் தலையில் கட்டுகிறார்கள். விழுங்கப்படுவதற்காக நிற்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. தலைமுறை தலைமுறையாக எல்லோரும் அதை ஒரு சடங்காகச் செய்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். அந்த ஆவி ஏன் அழுகிறது, அதைச் சிரிக்கவைக்க முடியாதா என்று முதலில் கேட்பவள் அக்கோ. அதற்காக உர்சுலாவிடம் உருமாற்ற மந்திரத்தை நாள்கணக்கில் பயில்கிறாள். அவள் மாறும் உருவங்கள் எதுவும் முழுதாக அமைவதில்லை, காதோ வாலோ எங்காவது துருத்திக்கொண்டு நிற்கும். அந்த அரைகுறை மந்திரத்தை வைத்தே மேடையேறுகிறாள். அந்த ஆவிக்கு விடுதலை கிடைக்கிறது.

அந்த ஆண்டின் சிறந்த மாயக்காரி பட்டம் யாருக்குப் போகிறது? டயானாவுக்கு. முதல்முறை பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. இரண்டாம்முறை அது சரியென்றே தோன்றியது. டயானாவின் மந்திரம் உண்மையிலேயே சிறந்தது, அக்கோவினுடையது சிறந்ததல்ல. அவள் செய்த காரியத்தின் மதிப்பு அந்தப் பட்டத்தால் அளக்கப்படுவதல்ல. இரக்கத்துக்காகக் கூடுதல் மதிப்பெண் போட்டு அவளை முதலிடத்தில் உட்காரவைத்திருந்தால், அதுவும் "வாயை மட்டும் அசை" என்பதுபோல ஒரு பொய்யாகத்தான் ஆகியிருக்கும்.

இந்தக் கதை இப்படி அமைந்ததற்கு அது பிறந்த விதமும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். தொடருக்கு முன்னால், 2013-இல், இது ஒரு குறும்படம். இளம் அனிமேஷன் கலைஞர்களைப் பயிற்றுவிப்பதற்காக ஜப்பானியக் கலாச்சாரத் துறையின் நிதியோடு நடந்த அனிமே மிராய் திட்டத்தில் உருவானது. ஆக, கைப்பழக்கம் இன்னும் படியாத பயிற்சிக்காரர்கள் உட்கார்ந்து, கைப்பழக்கம் படியாத பயிற்சிக்காரி ஒருத்தியை வரைந்திருக்கிறார்கள். சின்ன வயதில் எதையோ பார்த்து மயங்கி, வரைகிறேன் என்று வந்தவர்கள்தானே அவர்களும்? டிரிக்கரே அப்போது 2011-இல் தொடங்கிய இளம் நிறுவனம். குறும்படம் இணையத்தில் பரவியதும் உலகெங்கும் ரசிகர்கள் இன்னும் வேண்டும் என்றார்கள். அடுத்த படத்தின் நீளத்தைக் கூட்டுவதற்காக, ரசிகர்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்டர் என்ற இணையதளத்தில் 1,50,000 டாலர் கேட்டார்கள். கேட்ட தொகை சில மணி நேரத்திலேயே சேர்ந்துவிட்டது, இறுதியில் 6,00,000 டாலரைத் தாண்டியது. அந்தப் படம் 2015-இல் வந்தது, அதன் பிறகே தொடர். பார்வையாளர்களின் நம்பிக்கை மாயக்காரிக்குச் சக்தி தரும் என்பது கதைக்குள் இருக்கும் விதி. கதைக்கு வெளியேயும் கொஞ்சம் அப்படித்தான் நடந்திருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. ஷைனி ராட் என்ற மந்திரக்கோல் அக்கோவின் கையில் முதல் பகுதியிலேயே வந்துவிடுகிறது. சாரியட் வைத்திருந்த அதே கோல். அப்படியானால் இவளும் தேர்ந்தெடுக்கப்பட்டவள்தானே, வாரிசுக் கதையைத் திட்டிவிட்டு இதைக் கொண்டாடலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி, நான் தடுமாறினேன். அந்தக் கோல் பெரிய ஆபத்துகளில் அவளைக் காப்பாற்றுவதும் உண்மை. ஆனால் அதை முழுதாக எழுப்ப ஏழு சொற்கள் வேண்டும். உச்சரிப்பை மனப்பாடம் செய்தால் அவை பலிப்பதில்லை. அந்தந்தச் சொல்லின் பொருளை அவள் வாழ்ந்து அறிந்த பிறகே பலிக்கின்றன. கோல் கையில் இருந்தும் வகுப்புத் தேர்வில் அவள் தடுமாறுகிறாள், துடைப்பமும் எழும்புவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இறுதிப் போராட்டம் முடிந்ததும் அந்தக் கோல் அவளைவிட்டுப் போய்விடுகிறது. கடன் வாங்கிய சக்தி திரும்பிப் போன பிறகு அவளிடம் என்ன மிஞ்சுகிறது என்பதைக் கதை காட்டுகிறது. நண்பருக்கு என் பதில் இதுதான். அவர் இன்னும் ஏற்கவில்லை.

கடைசிப் பகுதியின் ஏவுகணைச் சண்டை எனக்கு ஒட்டவில்லை. மக்களின் கோபத்தைச் சக்தியாக மாற்றும் குரோவாவின் திட்டம் அருமையான எண்ணம், பத்துப் பகுதிகள் தாங்கும். அதை அவசர அவசரமாக ஓர் அரக்க இயந்திரமாக்கி வானத்தில் துரத்தவிட்டிருக்கிறார்கள். சாரியட்டை ஆழமாக நேசித்து, அதே ஆழத்தில் பொறாமைப்பட்டவள் குரோவா. அவளுக்கு இன்னும் இரண்டு பகுதிகளாவது கொடுத்திருக்க வேண்டும். அக்கோவின் அறைத்தோழிகளான லோட்டேயும் சூசியும் கூடப் பின்பாதியில் ஓரமாகப் போய்விடுகிறார்கள்.

"இது சின்னப் பிள்ளைகள் பார்க்கிறது, இதற்குப் போய் இவ்வளவு நீளமாக எழுதுவதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு குழந்தையிடம் "உன்னால் எதுவும் முடியும்" என்று சொல்வது எளிது. பெரும்பாலும் அது உண்மையும் அல்ல, குழந்தைக்கும் அது தெரியும். "உன்னால் இப்போது முடியவில்லை, நீ விரும்புவதை நிறுத்த வேண்டியதில்லை" என்று ஒரு கதை முகத்தைப் பார்த்துச் சொல்வது அரிது. வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்த வயதில் யாராவது என்னிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

உலகையே காப்பாற்றிய பிறகு, எல்லாச் சத்தமும் அடங்கிய பிறகு, அக்கோ மறுபடியும் துடைப்பத்தோடு நிற்கிறாள். மறுபடியும் அந்தச் சொல். இந்த முறை கால்கள் தரையை விட்டுக் கொஞ்சமே கொஞ்சம் எழும்புகின்றன. அவ்வளவுதான் கொடுத்தார்கள், நான் கைதட்டிவிட்டேன்.

இரண்டாம்முறை பார்க்கும்போது உர்சுலாவின் முகத்தையே கவனித்துக்கொண்டிருந்தேன். சாரியட்டைப் போல ஆக வேண்டும் என்று அக்கோ கண்கள் மின்னச் சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் அந்த முகத்தில் ஒரு மகிழ்ச்சி எழும்பி, உடனே அடங்கிவிடுகிறது. முதல்முறை அதைக் கூச்சம் என்று நினைத்திருந்தேன்.