பெருவிரலுக்கு எட்டாத சில்லு

வளைந்து நெளியும் ரோபோ பற்றி எந்தக் காணொளி வந்தாலும் நண்பர்கள் எனக்கு அனுப்பிவிடுகிறார்கள். பதினான்கு வருடமாகக் கொழும்பில் எண்டோஸ்கோப், அதாவது உடலுக்குள் விட்டுப் பார்க்கிற வளையும் குழாய்க் கருவி, திருத்துகிறவன் நான். அந்தக் காணொளிகளில் எல்லாரும் ரோபோ வளைவதைப் பார்க்கிறார்கள். நான் அதை இயக்குகிறவரின் கையைத் தேடுகிறேன். பெரும்பாலும் கமெரா அந்தப் பக்கம் திரும்புவதேயில்லை.

போன வருடம் ஒரு வைத்தியசாலையில் கருவி பழுது என்று கூப்பிட்டார்கள். எண்டோஸ்கோப்பின் கைப்பிடியில் இரண்டு சில்லுகள் இருக்கும். பெரிய சில்லு நுனியை மேலும் கீழும் வளைக்கும், சின்னது இடமும் வலமும். உள்ளே நான்கு மெல்லிய கம்பிகள் நுனி வரைக்கும் ஓடுகின்றன. சில்லைத் திருப்பினால் ஒரு கம்பி இழுபடும், எதிர்க்கம்பி தளரும். இடது கை முழுக்கச் சில்லுகளுக்கு. வலது கை குழாயைத் தள்ளவும் முறுக்கவும். கம்பிகளைச் சோதித்தேன், நுனி வளைகிற கோணத்தை அளந்தேன். ஒரு கோளாறும் இல்லை. அப்போது பயிற்சியில் இருந்த ஒரு பெண் வைத்தியர் சொன்னார்: "அண்ணா, இந்தச் சின்னச் சில்லு எனக்கு எட்டுதேயில்லை. வலது கையை எடுத்துத்தான் திருப்புறன். அந்த நேரம் குழாய் வழுக்கி வெளியில வருது." கையைக் காட்டினார். ஆறாம் இலக்கச் சின்னக் கையுறை போடுகிற கை, பெருவிரல் அடியில் பிளாஸ்டர். பெரிய சில்லில் விரலை வைத்தபடி சின்னதைத் தொட முயன்றபோது விரல் நுனிக்கும் சில்லுக்கும் இடையில் ஒரு விரலகலம் மிச்சம் இருந்தது.

'கருவியில் பழுதில்லை' என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அது இன்றுவரை என்னை உறுத்துகிறது.

1957இல் பேசில் ஹிர்ஷோவிட்ஸ், கண்ணாடி இழைகளால் ஆன முதல் வளையும் எண்டோஸ்கோப்பைத் தன் தொண்டைக்குள்ளேயே இறக்கிப் பார்த்தார். அதற்குப் பிறகு படம் எவ்வளவோ தெளிவாகிவிட்டது. சில்லு மட்டும் பல பத்தாண்டுகளாக அதே சில்லு. பெருங்குடல் பரிசோதனையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். ஒன்றரை மீற்றர் அளவுக் குழாய் குடலின் வளைவில் வளையம் போட்டுவிட்டால், கையில் தள்ளுகிறது நுனிக்குப் போய்ச் சேராது. சிலவேளை தள்ளத் தள்ள நுனி பின்னுக்கு வரும்! அப்போது முறுக்கி, இழுத்து, வளையத்தை நேராக்க வேண்டும். தாதி வெளியிலிருந்து வயிற்றை அழுத்திப் பிடிப்பார். இந்தக் கைப்பழக்கம் வர நூற்றுக்கணக்கான பரிசோதனைகள் செய்யவேண்டும். அதுவரை சிரமப்படுவது வைத்தியரின் கை மட்டுமல்ல, படுத்திருக்கிற மனிதரும்தான்.

ஆகவே என் கருத்து இதுதான்: வளையும் கருவிக்கு மனிதன் சொல்லவேண்டியது நுனி எங்கே போகவேண்டும் என்பதை மட்டுமே. எந்தக் கம்பியை எவ்வளவு இழுப்பது என்ற கணக்கு இயந்திரத்தின் வேலை. நுரையீரலுக்குள் போகிற ரோபோக்களில் இது தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் 2018இல் அனுமதி பெற்ற மொனார்க் என்ற ரோபோ, வீடியோ கேம் பிடி போன்ற ஒன்றால் இயங்குகிறது. 2019இல் வந்த அயன் என்ற ரோபோவை ஓர் உருளும் பந்தாலும் ஒரு சில்லாலும் ஓட்டுகிறார்கள். அதன் குழாய் 3.5 மில்லிமீற்றர்தான், தன் வடிவத்தைத் தானே உணரும் இழை உள்ளே இருக்கிறது.

எனக்கு இவற்றைவிடப் பிடித்தது வேறொன்று. 2017இல் ஸ்டான்ஃபோர்டில் ஒரு கொடி ரோபோ செய்தார்கள். மெல்லிய பிளாஸ்டிக் குழாய்தான். காற்றை ஊதினால் உள்ளே மடிந்திருப்பது நுனி வழியாக வெளியே பிரண்டு, கொடிபோல் வளர்ந்துகொண்டே போகும். 72 மீற்றர் வரை வளர்த்துக் காட்டினார்கள். அதை இயக்க, மறுவருடமே ஆய்வாளர்கள் கையில் பிடித்து வளைக்கிற ஒரு தண்டைச் செய்து பார்த்தார்கள். தண்டை வளைத்த பக்கம் கொடி வளையும். யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அதே 2017 மே மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் சவோய் தியேட்டருக்குக் கிட்ட ஒரு கட்டடம் இடிந்து விழுந்தது. வீதியில் நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன். கொடி ரோபோ போல, சிக்கியவர்களைத் தேடி இடிபாட்டுக்குள் விடுகிற கருவியை அப்படியொரு நாளில் கையில் எடுக்கப் போகிறவர் யார்? தடித்த கையுறையும் முகமெல்லாம் தூசியுமாக நிற்கிற ஒரு படைவீரர். அவருக்கு இரண்டு சில்லும் நூறு நாள் பயிற்சியும் சரிவராது.

இன்னுமொன்று, உணர்வு. எங்கள் வீட்டுக் குழாய் அடைத்தால் ஸ்பிரிங் கம்பியோடு குழாய் திருத்துகிற ஒரு பாஸ் வருவார். கம்பியைச் சுற்றிக்கொண்டே போய், சட்டென்று நிறுத்தி, "இது வளைவு தம்பி, அடைப்பு இன்னும் அங்கால" என்பார். அந்தச் செய்தி கம்பி வழியாக அவர் உள்ளங்கைக்கு வருகிறது. 2000இல் அனுமதி பெற்ற டாவின்சி அறுவை ரோபோவில் இழுவிசையைக் கைக்குத் திருப்பித் தரும் வசதி 2024இல் வந்த ஐந்தாம் மாதிரியில்தான் சேர்ந்தது. இவ்வளவு காலம் அதை இரண்டாம் பட்சமாக வைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை.

மொறட்டுவையில் பொறியியல் படிக்கிற தம்பி தங்கைகளே, இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடினால் எனக்கு எழுதுங்கள். எங்கள் பட்டறையில் கழித்து ஒதுக்கிய கைப்பிடிகள் இரண்டு இருக்கின்றன. சில்லு இன்னும் சுழலும். வரும்போது வகுப்பிலேயே மிகச் சின்னக் கை உள்ளவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.