அந்த 24 மணி நேரம் எப்போது தொடங்குகிறது?

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று, கைதானவர்களின் உரிமைகள் பற்றிய உங்கள் கட்டுரை சொல்கிறது. அரசியலமைப்பின் 22-வது பிரிவும் அதைத்தான் சொல்கிறது, சரி. ஆனால் அந்த நேரத்தை எப்போதிலிருந்து கணக்கிடுகிறார்கள் என்பதில்தான் ஏழை வீட்டுப் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். எங்கள் தெருப் பையன் ஒருவனை "சும்மா விசாரணைதான், வந்துட்டுப் போ" என்று போனில் கூப்பிட்டார்கள். ராத்திரி முழுக்க பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, மறுநாள் மதியம்தான் கைது செய்ததாகத் தாளில் எழுதினார்கள். அவன் அம்மா விடியும்வரை ஸ்டேஷன் வாசலிலேயே நின்றார்.

அதனால் கைதுக் குறிப்பில் கையெழுத்துப் போடுமுன் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். அவற்றைக் குறிப்பில் எழுதுவதை, போலீஸ் காவல் கொடுமைகள் பற்றிய டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. குடும்பத்தாரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். ஏழாண்டு வரை தண்டனை உள்ள வழக்குகளில், கைது அவசியமில்லை என்றால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 35(3) பிரிவுப்படி ஆஜராகச் சொல்லும் நோட்டீஸ்தான் கொடுக்க வேண்டும். அதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ரிமாண்டுக்கு, அதாவது காவலில் வைக்க உத்தரவு வாங்கக் கொண்டுபோகும்போது பயத்தில் மாஜிஸ்திரேட்டிடம் தலையாட்டிவிட்டு வருபவர்களே அதிகம். அடித்திருந்தால், முந்தைய நாளே பிடித்து வைத்திருந்தால், அங்கேயே வாய் திறந்து சொல்லுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லையா? 15100-க்குப் போன் செய்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச உதவி கிடைக்கும். இந்த எண்ணையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள், ஐயா.