கதிர் ஒட்டாமலிருக்க ஒரு டப்பா

குன்னூரில் ஒரு எக்ஸ்ரே அறைதான் என் பிழைப்பு. போன வாரம் கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு பாட்டி வந்தார். உள்ளே வந்ததும் பையிலிருந்து டப்பா ஒன்றை எடுத்துக் காட்டி, “ரெண்டு ஸ்பூன் குடிச்சிட்டுத்தான் வந்தேன் கண்ணு, கதிரு ஒட்டாதாம்” என்றார். ஆன்டிஆக்ஸிடன்ட் பொடி, அதாவது உடம்பில் பிறக்கும் முரட்டு மூலக்கூறுகளை அடக்கும் என்று சொல்லி விற்பது. 1,850 ரூபாய். எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் பேத்தியின் காசு. கோபம் பாட்டி மேல் வரவில்லை.

எக்ஸ்ரே உடம்பில் ஒட்டாது. லைட்டை அணைத்தபின் வெளிச்சம் சுவரில் தங்குமா? ஆனால் பாயும்போது உடம்பிலுள்ள தண்ணீரை உடைக்கும். அதில் பிறக்கும் ஹைட்ராக்ஸில் என்ற உடைந்த துண்டு பெரிய முரடன். ஆயுள் ஏறக்குறைய ஒரு நானோ நொடி, நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதற்குள் பக்கத்தில் இருப்பதைக் கடித்துவிடுவான், டிஎன்ஏ இருந்தால் டிஎன்ஏவை. மிச்சமாகும் சூப்பர்ஆக்ஸைடு, பெராக்ஸைடு கும்பலை நம் செல்லே செய்யும் எஸ்ஓடி, கேட்டலேஸ் என்ற நொதிகளும் குளுட்டாதயோன் என்ற காவல் பொருளும் கவனித்துக்கொள்ளும். மூச்சு விடுவதாலேயே இந்தக் கும்பல் தினமும் பிறப்பதால் அவற்றுக்கு இது பழகிய வேலை.

உடம்பில் படும் கதிரை மில்லிசீவர்ட்டில் அளப்போம்; நெஞ்சு எக்ஸ்ரே 0.1-ஐத் தாண்டாது. உலக சராசரியில் இயற்கையாகவே வருடத்துக்கு 2.4 வருகிறது. 2,240 மீட்டர் உயர ஊட்டியில் விண்வெளிக் கதிர் மட்டும் சென்னையைப்போல இரண்டு மடங்குக்குக் குறையாது. அதற்காக யாரும் மலையிறங்கவில்லையே!

கொஞ்சம் கதிர் பட்டால் உடம்பு உஷாராகும் என்பதிலும் உண்மை உண்டு. 1984-ல் மனித ரத்த வெள்ளையணுக்களுக்கு முதலில் சிறிதளவும் பிறகு பெரிய அளவும் கொடுத்தபோது குரோமோசோம் சேதம் எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது. ஆனால் எல்லார் ரத்தமும் அப்படி நடந்துகொள்வதில்லை. என்னைப்போல் கதிரோடு வேலை பார்ப்பவர்களைச் சோதித்ததிலும் சிலருக்கு இந்த நொதிகள் கூடியிருந்தன, சிலருக்குக் குறைந்திருந்தன. இதை வைத்துப் பொடி விற்பதுதான் அநியாயம்.

நம்ம ஊட்டி கேரட்டின் நிறத்துக்குக் காரணமான பீட்டா கரோட்டினும் ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட்தான். அதை, பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது, சாப்பிட்டவர்களிடையே நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகம். கேரட்டைக் கடித்துத் தின்னுங்கள், அது வேறு.

பயப்பட வேண்டியது தேவையில்லாமல் திரும்பத் திரும்ப எடுக்கும் சிடி ஸ்கேனுக்கு. ஒன்றுக்கே 5, 10 மில்லிசீவர்ட் ஆகிவிடும். பாட்டிக்கு இரண்டு மாதம் முன் நெஞ்சுக்கு சிடி எடுத்திருக்கிறார்கள். படம் எங்கே என்றேன்.

“பீரோ மேலதான் கெடந்துச்சு. மழைல ஊத்தி, பூஞ்சை புடிச்சு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு கண்ணு.”

டப்பா மட்டும் இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது.